நைனாவின் புத்தகங்களுக்கு ஒரு தட்டு

நைனா இரண்டு சாக்கு மூட்டைகளோடு ஆட்டோவில் வந்து இறங்கிய அன்று வியாழக்கிழமை. விவேக் நகரில் வியாழன் என்றால் சர்ச்சில் நவநாள் ஜெபக் கூட்டம். தெருவில் கால் வைக்க இடமிருக்காது. மெழுகுவர்த்திக் கடைகளுக்கு நடுவில் ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு நிற்க, நான் படியிறங்கி ஓடினேன். என் வேலை அங்கே ஒரு சின்ன நூலகத்தில். ஓர் அறக்கட்டளை நடத்துவது. ஒரே ஹால், ஒரே நூலகர், அது நான். சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றால் எனக்கு எரிச்சல் வரும் என்று என்னைப் பெற்றவருக்குத் தெரியாதா என்ன.

மூட்டைகளில் இருந்தவை அவருடைய பௌத்தப் புத்தகங்கள். கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பேக்கரியில் அடுப்பு வேலை பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாகச் சேர்த்தவை. எங்கள் வீட்டில் புத்தர் படம் மட்டும்தான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி விகாரைக்குப் போய்விட்டு வருவார். யாராவது "நீங்களும் இந்துதானே" என்று கேட்டுவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. இப்போது வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு பொம்மனஹள்ளியில் என் தம்பி வீட்டுக்குப் போகிறார். அங்கே இருப்பது ஒரு ரூமும் ஒரு சமையல்கட்டும்.

"எடம் சரியா இருந்தா இங்கயே உட்டுட்றேன். இல்லன்னா திருப்பி எடுத்துனு போயிடுவேன். சனிக்கிழம வந்து பாக்குறேன்," என்றார்.

"உன் புக்குங்களுக்கு இல்லாத எடமா நைனா?" என்று கேட்டுவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

நூலகத்தில் புத்தகம் நாம் நினைத்த இடத்தில் உட்காராது. உலகம் முழுக்க ஓடுகிற தசம முறை ஒன்று உண்டு. அதில் இருநூறிலிருந்து இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது வரை மதத்துக்கு. இருநூற்று இருபதில் தொடங்கும் பைபிளும் கிறிஸ்தவமும் இருநூற்று எண்பத்தொன்பதில்தான் முடியும். மிச்ச மதங்கள் எல்லாம் கடைசிப் பத்தில், ஷேர் ஆட்டோவில் ஏறியதுபோல ஒருவர் மடியில் ஒருவர். அதிலும் இந்து, பௌத்தம், சமணம், சீக்கியம் எல்லாம் 294 என்ற ஒரே எண்ணுக்குள். புள்ளி வைத்து மூன்று போட்டால் பௌத்தம், ஐந்து போட்டால் இந்து. நம் நாட்டிலேயே உண்டான வகைப்பாடும் இருக்கிறது. அதில் பௌத்தத்துக்குத் தனி எண் உண்டு. ஆனால் வேதமும் இந்து மதமும் சமணமும் உட்கார்ந்த பிறகுதான். எண் போட உட்காருகிறவர்கள் தங்கள் வீட்டுக்காரர்களுக்குத்தான் முதல் பந்தி போடுகிறார்கள். படிக்கிற காலத்தில் இதெல்லாம் எனக்கு உறுத்தியதே இல்லை. பரீட்சைக்கு மனப்பாடம் செய்தேன், எழுதினேன், மறந்தேன்.

நைனா மதப் புத்தக அலமாரியின் முன்னால் நின்றார். எனக்கு முன்பிருந்தவர் ஒட்டிய சீட்டு தட்டின் விளிம்பில் இருந்தது: '294 இந்து மதம்'.

"இங்கியா வெப்ப?"

"நம்பர் அப்பிடி நைனா."

"யாரு போட்ட நம்பரு?"

"அமெரிக்காவுல."

"அவனுக்கு நம்மள பத்தி இன்னா தெரியும்?"

சீட்டைக் கிழித்தேன். 'இந்தியாவில் பிறந்த மதங்கள்' என்று வேறொன்று எழுதி ஒட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"ஒரே ஆஸ்பத்திரில பொறந்தா எல்லாம் ஒரே குடும்பமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அந்த அலமாரிக்கு ஐந்து தட்டுகள். மேலே மூன்றும் கிறிஸ்தவம்; இந்தப் பகுதிக்காரர்கள் கொடுத்தவை, தினமும் யாராவது எடுக்கிறவை. நான்காவதில் மற்ற எல்லாரும், ஊசி நுழைய இடமில்லை. ஐந்தாவது தரையோடு தரையாக இருக்கும். அதில் பழைய மாத இதழ்களைப் போட்டு வைத்திருந்தேன். நைனாவுக்குத் தனித் தட்டு வேண்டுமென்றால் மேலேயிருந்து யாரையாவது கீழே இறக்க வேண்டும்.

இறக்கியும் பார்த்தேன். புனிதர் வரலாறுகளை ஐந்தாவதில் வைத்தேன். நவநாள் முடித்து வந்த ஓர் அம்மா குனிந்து ஒன்றை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "சாமி புக்குங்கள காலாண்ட வெச்சிட்டிங்களே சிஸ்டர்," என்று மெதுவாகத்தான் சொன்னார். எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. எல்லாவற்றையும் திரும்ப மேலே ஏற்றினேன். நான்காவது தட்டிலிருந்து குர்ஆன் விளக்கவுரைகளை இறக்கலாமா என்று கை நீட்டினேன், கை வரவில்லை. புது அலமாரி கேட்டு அறக்கட்டளைச் செயலாளருக்கு போன் போட்டேன். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி," என்று கன்னடத்தில் கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். இந்த ஊரில் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

வெள்ளிக்கிழமை முழுக்க உட்காருவதும் எழுந்து நடப்பதுமாக இருந்தேன். டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. செய்தித்தாள் படிக்க வருகிறவர், "இன்னா மேடம், எதனா காணாம பூட்ச்சா?" என்று கேட்டார். சாயங்காலம் ஒரு முடிவுக்கு வந்தேன். மாத இதழ்களை வெளியே எடுத்துப் போட்டு, ஐந்தாவது தட்டைத் துடைத்து, வெள்ளைத் தாள் விரித்து, நைனாவின் புத்தகங்களை மட்டும் அதில் அடுக்கினேன். 'பௌத்தம்' என்று அழகாக எழுதி ஒட்டினேன். முழுத் தட்டு, பக்கத்தில் யாரும் இல்லை. மனசுக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

சனிக்கிழமை நைனா வந்தார். மூட்டு வலி, அவரால் குனிய முடியாது. நின்றபடியே கீழே பார்த்தார்.

"தனியா வேணும்னு கேட்டா கீழதானாமா?"

குரலை உயர்த்தவில்லை. நான்தான் கடகடவென்று பேசினேன். இடம் இல்லை, எண் வரிசை, அடுத்த வருஷம் புது அலமாரி, என்னென்னவோ.

"மேல கீறவங்கள எறக்க சொல்லல. அவங்க அங்கயே நல்லா இருக்கட்டும். நான் எடுத்துனு போறேன்."

"எடுத்துனு போ. தம்பி பொண்டாட்டி பழைய பேப்பர்காரனுக்குப் போடட்டும்," என்றேன். அவ்வளவு கோபம் எனக்கு. அவர் சாக்கை விரித்தார். நான் புத்தகங்களை எடுத்து எடுத்துக் கொடுத்தேன். ஆட்டோவும் நானே பிடித்துக் கொடுத்தேன்.

அவர் குடிபோன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பொம்மனஹள்ளிக்குப் போனேன். ஓசூர் ரோடு நெரிசலில் பஸ் நகரவே இல்லை. எப்படியாவது பேசிப் புத்தகங்களைத் திரும்ப வாங்கிவிட வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு போனேன். வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது அவர் கட்டில். கட்டிலுக்கு அடியில், சிமெண்டுத் தரையில் சாக்கை விரித்து, அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் அத்தனை புத்தகங்களும் முதுகு தெரிய நின்றன. கோத்து வைத்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"அங்க காலாண்ட வேணாம்னு எடுத்துனு வந்துட்டு, இங்க கட்டிலுக்கு அடியிலயா நைனா?"

கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் தொங்கிய கால்களை மேலே தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டார்.

"இங்க வெச்சது நான்மா," என்றார்.

தம்பி மனைவி டீ கொண்டுவந்தாள். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஐந்தாவது தட்டு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. செயலாளர் கேட்கும்போதெல்லாம் நாளைக்கு அடுக்கிவிடுகிறேன் என்கிறேன். அங்கே எது போக வேண்டும் என்று முடிவு செய்கிற ஆள் நான்தான் என்பது எனக்குப் பிடிக்கவே இல்லை.