ஹேரன்வேனுக்குப் பேசப் போனேன்

2016 டிசம்பர், சனிக்கிழமை, காலை ஏழு மணி. பாரிஸில் நம் தமிழ்க் கடைத்தெருவான லாசப்பலில் கடைகளின் இரும்புக் கதவுகள் இன்னும் ஏறவில்லை. என் அறையிலிருந்து கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பத்து நிமிட நடை. ஹாலந்தின் வடக்கே ஹேரன்வேன் என்ற ஊரில் ஐஸில் சறுக்கி ஓடும் பந்தயம் பார்க்கப் புறப்பட்டேன். நான் வேலை பார்க்கும் சென் தெனி அலுவலகத்தில் சொன்னால் சிரிப்பார்கள் என்று வாயைத் திறக்கவில்லை.

காரைக்காலில் பிறந்தவனுக்கு ஐஸ் என்றால் குச்சி ஐஸ்தான். 2009இல் பாரிஸ் வந்த முதல் குளிர்காலம், ஆள் துணைக்குத் தொலைக்காட்சியைப் போட்டு வைப்பேன். அதில் அகப்பட்டவர் ஐஸில் ஓடும் ஒரு ஹாலந்துக்காரர். பத்தாயிரம் மீட்டர், இருபத்தைந்து சுற்று. இருபதுவரை பறப்பார், பிறகு கால் ஓய்ந்து நான்காவதாக வருவார். என்ன மனுஷனோ, மறு ஆண்டும் வந்து நிற்பார். அவரைப் பார்த்தால் எனக்கும் இன்னொரு ஆண்டு ஓட்டிவிடலாம் என்று தோன்றும். இதுதான் தன் கடைசிப் பந்தயம் என்று அறிவித்துவிட்டார். ஒரு தடவையாவது நேரில் நன்றி சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

எனக்குப் பிரெஞ்சு வரும், ஆங்கிலம் அரைகுறை. அதனால் சிவா அண்ணையோடு போனேன். லாசப்பலில் மளிகைக் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர்; முன்பு ஹாலந்தில் இருந்ததால் டச்சு தெரியும். அங்கே தங்கை வீட்டுக்குப் போகிறவர்.

ஆம்ஸ்டர்டாம் மூன்றேகால் மணி நேரம், அங்கிருந்து வேறு ரயிலில் ஹேரன்வேன். வழியெல்லாம் தட்டை வயல், வாய்க்கால், மூட்டம்.

“ஏழு வருஷமாப் பாக்கறேன் அண்ணே. கடைசி அஞ்சு சுத்துல விட்டுடறாரு. இன்னைக்கு நேர்ல பேசாம வரமாட்டேன்.”

அண்ணை என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “இதுக்கோ இவ்வளவு தூரம் வாறீர்?”

“ஆமா. நீங்கதான் டச்சுல சொல்லணும்.”

“ஓம், சொல்லுறன். ஆனா பாவம் தம்பி, கனக்கப் பேசாதையும்.”

நேரம் இருக்காது என்கிறார் என நினைத்துக்கொண்டேன்.

மாலை மூன்று மணிக்குப் பந்தயம். அவர் ஓடும்போது பாதிக் கூட்டம் பீர் வாங்கப் போயிருந்தது. இம்முறை நான்காவதுகூட இல்லை, ஒன்பதாவது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அரங்கின் பின்வாசலில் காத்திருந்தோம். பையைத் தூக்கிக்கொண்டு தனியாக வந்தார். அண்ணை முந்திப் போய் டச்சில் ஏதோ சொல்ல, அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“என்ன அண்ணே சொன்னீங்க?”

“நீர் சொன்னதுதான். உங்களைப் பேச பாரிசிலை இருந்து ஒருத்தர் வந்திருக்கிறார் எண்டு.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. யாழ்ப்பாணத்தாருக்குப் பேசுவது என்றால் திட்டுவது. நாம் பேசுவதை அவர்கள் கதைப்பது என்பார்கள். தினம் காதில் விழுகிற பேச்சுதான், மறந்து தொலைத்தேன்.

“ஐயோ, அவரு என்ன சொன்னாரு?”

“பேசட்டாம். இண்டைக்கு ஒருத்தரும் தன்னைப் பேசக்கூட இல்லையாம்.”

அவர் பையை இறக்கி வைத்துவிட்டு நின்றார். வைத்திருந்த நன்றி எங்கே போனதோ, வேறுதான் வந்தது.

“ஏன்யா, ஆரம்பத்துலயே அப்படிப் பறந்தா கடைசியில கால்ல என்ன மிஞ்சும்? ஏழு வருஷமா ரூம்ல உக்காந்து கத்தறேனே, ஒரு தடவையாவது கேட்டியா?”

அண்ணை வரி வரியாகச் சொன்னார். அந்த மனுஷன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

“இன்னும் கிடக்கோ எண்டு கேக்கிறார்,” என்றார் அண்ணை.

இன்னும் கொஞ்சம் பேசினேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுக் காரில் ஏறினார்.

அண்ணை தங்கை வீட்டில் தங்கிவிட்டார். ஞாயிறு மாலை நான் மட்டும் லாசப்பல் திரும்பினேன். தெரு முழுக்கத் தமிழ்ச் சத்தம். மாடியேறி அறையைத் திறந்தேன். இரண்டு நாளாக எங்கேடா தொலைந்தாய் என்று என்னைப் பேச அங்கே ஒருவரும் இல்லை.