மூச்சு முட்டும் நேரத்துக்கு ஒரு டப்பா

1963 ஆடியில் குழந்தையம்மாளின் இரண்டு வயது மகள் அம்மை கண்டு இறந்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவள் ராயபுரத்துப் பனியன் கம்பெனிக்கு வேலைக்குத் திரும்பிவிட்டாள். தைத்து வரும் பனியன்களில் பிசிறு நூலை வெட்டி மடித்து அடுக்குகிற வேலை. அவள் அழவில்லை. கெட்டிக்காரி என்று எல்லோரும் மெச்சினார்கள்.

மூன்றாம் மாதம்தான் அது வந்தது. கத்தரி பிடித்த கை விறைத்தது, நெஞ்சு படபடத்தது, மூச்சு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. எழுந்து எங்காவது ஓடிவிட வேண்டும் போல இருந்தது. அப்புறம் வாரத்துக்கு இரண்டு தரம் வரத் தொடங்கியது. டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்தார்.

"ஒடம்புல ஒண்ணுமில்லீன்னு டாக்டரே சொல்லீட்டாரு. வேலையப் பாரு, சரியாப் போயிரும்" என்றான் புருஷன் கன்னையன்.

ஒருநாள் அது வந்தபோது தற்செயலாக அவள் வாயில் சுக்குத் துண்டு இருந்தது. நாக்கு எரிந்தது, எரிச்சலைக் கவனித்த நேரத்தில் மூச்சு இறங்கிவிட்டது. அன்றைக்கே ஒரு பெப்பர்மின்ட் டப்பாவைக் கழுவிக் காயவைத்தாள். சுக்கு, இரண்டு கல் உப்பு, நீலகிரித் தைலம் நனைத்த பஞ்சு, விரலில் உருட்டிக்கொண்டிருக்க ஒரு பிடி கொள்ளு. மகளின் வளையலையும் முதலில் வைத்தாள். அதைக் கையில் எடுத்த அன்று கம்பெனிக் கிணற்று மேட்டில் போய் நின்றிருந்தாள்; எப்படி வந்தோம் என்றே தெரியவில்லை. வளையலை வீட்டுப் பெட்டிக்கடியில் போட்டுவிட்டாள்.

டப்பாவில் அந்த இடத்துக்கு, கையில் பிடித்துக்கொள்ள மெத்தென்று ஏதாவது வேண்டியிருந்தது.

"ஏனுங்க மேஸ்திரி, இந்த வெட்டுத் துண்டுல ஒண்ணு எடுத்துக்கட்டுங்களா?"

"குப்பைக்குப் போறதுதானுங்க அம்மணி, எடுத்துக்குங்க" என்றார் அய்யாசாமி. பக்கத்தில் மடித்துக்கொண்டிருந்த மருதாள் காதிலும் அது விழுந்தது. டப்பா எதற்கென்று அவளுக்குத் தெரியும். வீட்டில் அடி வாங்கி வந்த ஒரு காலையில் அவளே அதை இரவல் வாங்கி, தைலப் பஞ்சை முகர்ந்தபடி அரைமணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள்.

ஒரு வருஷம் அந்த டப்பாவால் ஓடியது. அப்புறம் கம்பெனியில் இரண்டு கட்டுப் பனியன் காணாமல் போயிற்று. சாயங்காலம் வாசலில் முதலாளியே நின்று சோதனை போட்டார். அவள் மடியிலிருந்து டப்பா வெளியே வந்தது. உள்ளே கம்பெனித் துணி.

"இதென்ன?"

"மூச்சு முட்டறப்ப புடிச்சுக்கறதுக்குங்க மொதலாளி. மனசு ஒரு மாதிரி ஆயிருமுங்க, அப்ப..."

வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"துணியப் புடிச்சா மூச்சு வருதா? உப்பும் கொள்ளும் எதுக்கு, மந்திரம் வெக்கறியா? துணிய ஆரு குடுத்தா?"

அவள் மேஸ்திரியைப் பார்த்தாள். அய்யாசாமி தன் செருப்பைப் பார்த்தார். "நான் ஒண்ணும் குடுக்கலீங்க."

"மருதா, நீ பக்கத்துலதான இருந்த? சொல்லு கண்ணு."

"நான் பாக்கலீங்கக்கா" என்றாள் மருதாள், தலையை நிமிர்த்தாமல்.

முதலாளி டப்பாவைத் தெருவில் கவிழ்த்தார். மறுநாளிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்றார்.

அவிநாசி ரோட்டில் மூன்று கம்பெனி ஏறி இறங்கினாள். திருடி என்று ஒருவரும் சொல்லவில்லை. 'அந்தக் கிறுக்குப் புடிச்ச பொம்பளையா?' என்றுதான் கேட்டார்கள். திருடினேன் என்று சொல்லியிருந்தால்கூட எங்காவது வேலை கிடைத்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. கன்னையனுக்கும் துணி பெரிதாகப் படவில்லை. "நாலு பேரு முன்னால அந்தக் கதைய எதுக்குச் சொன்ன?" என்றுதான் ஒரு மாதம் பேசாமல் இருந்தான்.

பொங்கலூருக்குக் குடிபோய்ப் பருத்திக்காட்டு வேலைக்குப் போனார்கள். காட்டிலும் அது வந்தது. வரப்பில் உட்கார்ந்து முந்தானையைக் கடித்துக்கொள்வாள். மெல்ல மெல்ல இன்னொரு டப்பா சேர்த்தாள். அதைப் புருஷன் கண்ணில்கூடக் காட்டவில்லை.

மூன்று வருஷம் கழித்து மருதாள் தேடிக்கொண்டு வந்தாள். தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, அந்தப் பனியன் கட்டுகள எடுத்தது மொதலாளியோட மச்சான்தானுங்க. அப்பவே மேஸ்திரிக்குத் தெரியுமாமுங்க. கம்பெனில இப்ப எல்லாத்துக்கும் தெரியும்."

"உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"நீங்க போனதுக்கப்பறம் வந்த தீவாளிக்கேங்க."

"மூணு வருசத்துல பொங்கலூருக்கு ஒரு பஸ் கெடைக்கலையா கண்ணு?"

மருதாள் அழுதாள். குழந்தையம்மாள் அவளைத் தேற்றவில்லை, போகவும் சொல்லவில்லை. காட்டுக்கு நேரமாயிற்று என்று எழுந்து, தூக்குப்போசியில் கம்மஞ்சோற்றைப் போட்டுக்கொண்டு நடந்தாள். வாசலில் உட்கார்ந்திருந்தவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.