யொலெட்டின் ரகரம்

உச்சரிப்பு தப்பு என்று திரையில் சிவப்பு விழுந்ததும் யொலெட் ஹெட்போனைப் பாதி கழற்றிவிட்டுக் கணினியை முறைக்கிறார். பிறகு, மாத்திரை விழுங்க மாட்டேன் என்று அடம் பிடிக்கும் கிழவர்களிடம் பேசும் குரலில் அதனிடம் பேசுகிறார்.

"யோவ் பெரியவரே, காதுல பஞ்சு வச்சிருக்கியா? இன்னொரு தரம் சொல்றேன். ஒழுங்கா கேளு."

நாய் ரயிலுக்குப் பின்னால் ஓடுகிறது என்று வாசிக்கிறார். ஸ்பானிஷில் அந்த வாக்கியம் முழுக்க ரகரம் உருண்டுகொண்டே போக வேண்டும். மறுபடியும் சிவப்பு. கேஸ் ஹீட்டரைச் சுற்றிக் கைகளைத் தேய்த்துக்கொண்டிருக்கும் மற்ற ஹைட்டிக்காரர்களுக்குச் சிரிப்பு.

"நாய் இன்னுமா ஓடுது அக்கா?"

"உன்னைக் கடிக்கிற வரைக்கும் ஓடும். உன் வேலையைப் பாரு."

சாந்தியாகோ நகரத்து ஓரத்தில், கிலிகூரா குடியிருப்போர் சங்கக் கூடத்தில் மாலை வகுப்பு எடுக்கும் வாத்தியார் நான். யொலெட் என்னை 'புரொஃபே' என்பார். அவருக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. தலையில் இறுக்கிக் கட்டிய ஊதாத் துணி. கைப்பையில் எப்போதும் மிளகாயும் முட்டைக்கோஸும் ஊறும் ஒரு சின்னப் பாட்டில். ரொட்டியில் நாங்கள் அவகாடோவை மசித்துத் தடவித் தந்தால் அதன்மேலும் அதைக் கொட்டிக்கொள்வார். "உங்க ஊர் சாப்பாட்டுக்கு உசுரே இல்ல புரொஃபே" என்பதை வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

அவருக்கு ஸ்பானிஷ் வந்தது புத்தகத்திலிருந்து அல்ல. முதியோர் இல்லத்தில் குளிப்பாட்டி, ஊட்டி, படுக்கை மாற்றி, பல்லில்லாத வாய்களிலிருந்து பொறுக்கிக்கொண்ட மொழி அது. சாந்தியாகோக்காரர்கள் நாங்கள் எல்லோருமே சொல்லின் கடைசி ஸகரத்தை விழுங்குகிறவர்கள்தான். எங்கள் கிழவர்கள் பாதிச் சொல்லையே விழுங்குவார்கள். யொலெட்டும் அப்படியே விழுங்குகிறார். ரகரம் மட்டும் அவர் பிறந்த ழாக்மெல் ஊருடையது. நாக்கு நுனியில் உருளாமல் தொண்டையிலிருந்து கரகரத்து வரும். இல்லத்தில் அதனால் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. மகன் ஞாயிற்றுக்கிழமை வரவில்லை என்று அழுகிறவரைத் தேற்ற அந்த ஸ்பானிஷ் போதும்.

பேச்சைக் கேட்டுத் திருத்தும் இந்த மென்பொருளை நகராட்சி வாங்கிக் கொடுத்தபோது எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. என் எதிரில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவர்கள்கூட அதனிடம் நூறு முறை தப்பாகப் பேசிப் பழகினார்கள். விழுங்கிய ஸகரத்துக்கும் தொண்டை ரகரத்துக்கும் ஒரே மாதிரி சிவப்புப் போட்டதே தவிர, அது சலித்துக்கொள்ளவில்லை. அதோடு விட்டிருக்கலாம். இந்த ஆண்டு அதையே பரீட்சை அதிகாரியாக்கிவிட்டார்கள். முதியவர்களோடு பேசிப் பழகும் வேலையில் இருக்கும் வெளிநாட்டவர் அதனிடம் தேற வேண்டும், தேறாதவர்கள் துணி வெளுக்கும் அறைக்குப் போக வேண்டும் என்று உத்தரவு. ஒரு கிழவரைக்கூட ஒரு நாளும் தூக்கி உட்கார வைக்காத ஒரு பெட்டி, யார் அவர்களோடு பேசலாம் என்று முடிவு செய்கிறது. நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

யொலெட்டின் வயிறு எரிவது இல்லத்தில் இருக்கும் எல்சிரா அம்மாவை நினைத்து. அந்த அம்மாவுக்குக் கண் தெரியாது. வேறு யார் ஊட்ட வந்தாலும் சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார். யொலெட்டின் கரகரத்த குரல் கேட்டால்தான் வாய் திறக்கும்.

இல்லத்துக் கூடத்தில் மதியம் முழுக்கத் துருக்கி சீரியல் ஓடும். அதில் பேசும் டப்பிங் ஸ்பானிஷ் எந்த நாட்டிலும் எந்த மனிதரும் பேசாத ஸ்பானிஷ். ஒவ்வொரு எழுத்தும் குளித்துத் தலை சீவி வரும். அந்தக் கதாநாயகியைக் கிண்டல் செய்வது யொலெட்டுக்குப் பொழுதுபோக்கு. நெஞ்சில் கை வைத்து, "ஐயகோ, என் குழந்தையை என்னிடமிருந்து பிரித்துவிட்டீர்களே!" என்று அழுதால் வகுப்பே குலுங்கும். ஒருநாள் விளையாட்டாக அந்தக் குரலிலேயே நாயை ஓடவிட்டார். திரை முழுக்கப் பச்சை! எல்லோரும் மேசையைத் தட்டிக் கூச்சலிட்டார்கள். யொலெட் மட்டும் சிரிக்கவில்லை.

வேறு வழியில்லை, அப்படியே பழகுங்கள் என்று நான்தான் சொன்னேன். வேலை நேரத்திலும் பழகிப் பார்த்தார். மறுநாள் வகுப்புக்கு வந்ததும் கைப்பையை மேசையில் அறைந்தார்.

"'யாருடி நீ, என் கருப்பி எங்க, அவளைக் கூப்பிடு'ன்னு எல்சிரா அம்மா என் கையைத் தட்டிவிட்டாங்க புரொஃபே. சூப்பு எல்லாம் தரையில. இந்தச் சனியன் புடிச்ச டப்பாவுக்காக!"

போன வாரம் பரீட்சை. மேற்பார்வைக்கு நகராட்சியிலிருந்து ரெனாத்தோ வந்திருந்தார். இளைஞர், படிய வாரிய தலை, கையில் செல்போன். அவர் பிறந்ததும் இந்தக் கிலிகூராவில்தான். அவர் வாயிலிருந்து ஒரு ஸகரம்கூட உயிரோடு வெளியே வந்து நான் கேட்டதில்லை. யொலெட் கண்ணை மூடிக்கொண்டார். மடியில் இரண்டு கையும் முஷ்டியாக இறுகியிருக்க, கடைசி வாக்கியம் வரை கதாநாயகியின் குரலிலேயே வாசித்து முடித்தார். தேர்ச்சி என்று திரையில் வண்ணக் காகிதங்கள் பறந்தன. எனக்கு மூச்சு வந்தது.

ரெனாத்தோ கை தட்டினார். "பாத்தீங்களா சித்தி? மனசு வச்சா வருதுல்ல! இப்பதான் ஸ்பானிஷ் மாதிரி இருக்கு. இனிமே இல்லத்துலயும் இப்படியே பேசணும், சரியா? அடுத்த மாசம் அங்கயும் மெஷின் வைக்கிறோம். அது கேட்டுக்கிட்டே இருக்கும்."

"படுக்கை பக்கத்துலயா?"

"ஆமா சித்தி. எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்."

யொலெட் எழுந்தார். நாற்காலியை ரெனாத்தோவின் முழங்காலுக்குப் பின்னால் தள்ளினார். அவர் பொத்தென்று உட்கார்ந்தார். என்ன ஏது என்று அவர் கேட்பதற்குள் யொலெட் ஹெட்போனைக் கழற்றி அந்தப் படிய வாரிய தலைமேல் மாட்டி, மைக்கை வாய்க்கு நேராகத் திருப்பிவிட்டு, தொண்டையிலிருந்து கரகரத்தார்.

"வாசிங்க தம்பி."

ரெனாத்தோ சிரித்துக்கொண்டே எழப் பார்த்தார். அன்றாடம் கிழவர்களைத் தூக்கி உட்கார வைக்கும் கை ஒன்று அவர் தோளில் இறங்கி, அங்கேயே நின்றது.