ஜெயசீலன் அண்ணாவின் கடைசிப் பக்கம்

ஜெயசீலன் அண்ணா இறந்த செய்தி எங்கள் ஆலயப் பாடகர் குழுவின் வாட்ஸ்அப்பில் வந்தது. நான் இரும்புலியூரில் நெரிசலில் மாட்டிய ஆட்டோவுக்குள் இருந்தேன். "நமது அன்பு வயலினிஸ்ட் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்று ஒரு வரி. அதன் கீழே கும்பிடும் கைகள் வரிசையாக விழுந்தன. அவற்றுக்கு நடுவிலேயே செயலாளர் எழுதியிருந்தார்: "சனிக்கிழமை பிராக்டிஸ் வழக்கம்போல் ஆறு மணி. சொப்ரானோ பாடும் பெண்கள் லேட்டாக வர வேண்டாம்." அந்தக் குழுவுக்கு முப்பது வருஷத்துக்கு மேல் வயலின் வாசித்த மனிதர் அவர். போனை அணைத்துப் பைக்குள் போட்டேன்.

அவரைத் தெரிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தாம்பரத்தில் பாங்க் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். நான் சேலையூரில் பியானோ வகுப்பு நடத்துகிறவள். இருபத்திரண்டு வருஷம் ஆராதனையிலும் கல்யாண வரவேற்புகளிலும் அவர் வயலின், நான் பியானோ. எங்களுக்குள் இன்னொரு பொருத்தமும் உண்டு: இரண்டு பேருக்கும் அருவருப்பு சீக்கிரம் வந்துவிடும். படப்பையில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் மாமா மேடையேறி, "சார், ஒரே சோகமா கீது, குத்துப்பாட்டு எதனா வாசிங்களேன்" என்றார். அண்ணா பாட்டை நடுவிலேயே நிறுத்தி, வயலினைத் துடைத்துப் பெட்டியில் வைத்து மூடினார். வீடு திரும்பும்போது, "பந்தியில நம்ம பாட்டு ஊறுகாய்ம்மா. வேணும்னா தொட்டுக்குவாங்க, வேணாம்னா எலையோட போவும்" என்றார். அதற்கப்புறம் நாங்கள் வரவேற்புகளுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டோம்.

ஓய்வு பெற்ற பிறகு வயலினுக்கும் பியானோவுக்குமாகச் சொந்தமாக ஒன்று எழுத ஆரம்பித்தார். ஆலயப் பாடகர்கள் பழகிய முறையில்தான் எழுதுவார். டோ, ரே, மீயை வெறும் எழுத்துகளாக, கோடுகளுக்கும் புள்ளிகளுக்கும் நடுவே அடுக்கும் முறை அது. நான் ஐந்து கோட்டில் சுரங்களை எழுதும் மேற்கத்திய முறையில் படித்தவள். அவர் தாளைப் பார்த்தால் எனக்கு ரயில்வே அட்டவணை மாதிரி இருக்கும். அதனால் செவ்வாய்க்கிழமைதோறும் என் வீட்டுக்கு வந்து அவர் வாய்விட்டுப் படிப்பார்; நான் என் முறையில் எழுதிக்கொள்வேன். "ஒரு வாரம் உக்காந்தா கத்துக்கலாம்மா" என்பார். நான் உட்காரவில்லை. சோம்பல் என்று சொல்லித் தப்பிக்கலாம், உண்மையில் திமிர். பியானோ படித்தவளுக்கு அது எதற்கு என்ற நினைப்பு.

அடக்கம் முடிந்து அண்ணி அவருடைய தாள்களை என்னிடம் கொடுத்தார். கடைசிப் பக்கம் மட்டும் அண்ணா எனக்குப் படித்துக் காட்டாதது. நான் எழுத்துக் கூட்டிப் பார்த்த வரை, அதில் வயலின் வரி பன்னிரண்டு கட்டம் ஓடி, பாட்டு வழக்கமாக முடியும் டோவுக்கு வந்து சேராமல் ரேயிலேயே நின்றிருந்தது. பியானோ வரிகளில் ஓர் எழுத்துகூட இல்லை. கோடும் புள்ளியும் மட்டும் சுத்தமாகப் போட்டிருந்தார். முடிக்காமல் போய்விட்டார் என்று நினைத்து அன்றைக்கு அழுதேன்.

செயலாளருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "மேடம், நினைவு ஆராதனையில அதைத்தான் வாசிக்கிறோம். நீங்களே முடிச்சுக் குடுத்துடுங்க. கடைசில ஒரு ஆமென் வச்சிட்டா சபையே எழுந்து பாடிடும்" என்றார். அந்த ஆளோடு பேசும்போதே எனக்கு உடம்பு கூசும். இருந்தாலும் எழுதிக் கொடுத்தேன். பன்னிரண்டு கட்டத்தையும் பியானோவால் கை நிறைய நிரப்பினேன். அண்ணா எப்படி எழுதுவார் என்று எனக்குத் தெரியாதா என்ற மிதப்பு. ரேயை இழுத்துக் கொண்டுவந்து டோவில் உட்கார வைத்து, ஆமென்னும் சேர்த்தேன். குரோம்பேட்டையிலிருந்து ஒரு வயலின்காரரை அழைத்து வந்தார்கள். சபை எழுந்து நின்று ஆமென் பாடியது, நிறையப் பேர் அழுதார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அதைப் போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நின்றேன், சிரித்துக்கொண்டு.

கூட்டம் கலைந்த பிறகு அண்ணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சின்ன வயதிலிருந்து பாடகர் குழுவில் ஆல்ட்டோ குரல் பாடுகிறவர்; அண்ணாவின் எழுத்துமுறை அவருக்கு அத்துப்படி.

"நல்லாத்தான் வாசிச்சே. ஆனா அந்தக் கடைசிப் பக்கத்துல பியானோ கிடையாதேம்மா."

"காலியா இருந்துதே, அண்ணி."

"காலியா வுட்டா அந்த எடத்துல சும்மா இருக்கணும்னு அர்த்தம். சண்டே கிளாஸ் பிள்ளைங்களுக்கே தெரியுமே."

அண்ணியே தொடர்ந்தார். "வூட்ல எத்தினி தடவ வாசிச்சாரு. ரேல நிறுத்திட்டு வில்லை எடுத்துடுவாரு, அவ்ளோதான், முடிஞ்சிது. உன்னைப் பத்தி சொல்வாரு. இருபது வருஷமா அந்தப் பொண்ணு என்கூட வாசிச்சிக்கினே கீது, ஒரு நாளாவது கேட்டுதா, இங்கயாவது கையை மடியில வச்சிக்கினு கேக்கட்டும்னு."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே, அண்ணி."

"நீ முடிச்சுத் தரேன்னு மைக்குல சொல்லிட்டாங்க. நீயும் என்னைக் கேக்கல."

மறுநாள் செயலாளருக்குப் போன் செய்து, நெட்டில் போட்ட நினைவு ஆராதனை வீடியோவை எடுக்கச் சொன்னேன். "நல்லா போய்க்கிட்டு இருக்கு மேடம். கடைசி பார்ட்தான் எல்லாருக்கும் பிடிச்சிருக்கு" என்றார். அவரைக் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. ஆனால் அவர் கேட்டது ஓர் ஆமென் மட்டும். பன்னிரண்டு கட்டத்தையும் நாசம் செய்தது நான். அவர் மீது வரும் அருவருப்பு பாதிக்கும் மேல் என் மீதே திரும்பி வருகிறது.

ஆகவே இதைத் தெரிந்துகொள்ளுங்கள். அண்ணா எதையும் பாதியில் விட்டுப் போகவில்லை. நீங்கள் கேட்டு அழுத அந்த முடிவு அவருடையது இல்லை, என்னுடையது. வயலின் தனியாகப் போய், ரேயில் நின்று, அப்படியே விட்டுவிடுவதுதான் அவர் எழுதியது. உங்களில் யாராவது வயலினோடு வந்தால் அதை அவர் எழுதியபடியே வாசிப்போம். கடைசிப் பக்கத்தில் என் கை மடியில் இருக்கும்.

அந்தப் பக்கத்தை அண்ணி எனக்கே கொடுத்துவிட்டார். அண்ணாவிடமிருந்து எனக்கு மிச்சம் அதுதான். ஆனால் அவர் என்னைக் கேட்கச் சொன்னது அந்தத் தாளை இல்லை, தன் வயலினை. இருபத்திரண்டு வருஷம் கைக்கெட்டும் தூரத்தில் அது ஒலித்தது. நான் என் பியானோவைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.