கேட்காத சம்பளம்

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, கட்டுமாவடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு டீச்சர் வேலை கிடைத்தது. சம்பளம் எவ்வளவு வேண்டும் என்று மேனேஜர் கேட்டார். குடும்பத்துப் பெண் வாய்விட்டுப் பணம் கேட்பாளா? "நீங்களாப் பார்த்துக் குடுங்க" என்றேன். பன்னிரண்டு ரூபாய் போட்டார். என்னோடு அதே நாளில் சேர்ந்த வாத்தியார் இருபது கேட்டார், மேனேஜர் கொடுத்தார்.

அடுத்த வருஷம் இன்னொரு டீச்சர் வந்தாள், புருஷனை இழந்து கைக்குழந்தையோடு நின்றவள். "வாத்தியாருக்குக் குடுக்கிறதையே எனக்கும் குடுங்க" என்றாள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, அவளிடம் என்னைக் காட்டி, "இந்தம்மா என்னைக்காவது இப்படிக் கேட்டிருக்காங்களா?" என்றார். அவள் என் முகத்தையே பார்த்தாள். "இல்லைங்க" என்றேன், பெருமையாக.

அவளுக்குப் பதினொன்று போட்டார். அவளைவிட எனக்கு ஒரு ரூபாய் அதிகம் என்று அன்று சந்தோஷப்பட்டேனே, அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.