ஒரு சைஸ் பெரிய பாடத்திட்டம்

பெட்டி வந்த அன்று அதை மூன்றாவது மாடிக்குத் தூக்கிவர இரண்டு ஆள் வேண்டியிருந்தது. ஒருவர் அதைக் கொண்டுவந்தவர். இன்னொருவர் தையல்காரியின் கணவர். அவருக்கு லிஃப்ட் மெக்கானிக் வேலை. ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிற மனுஷன் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது, பாருங்கள். படிக்குப் படி நின்று மூச்சு வாங்கிக்கொண்டே, "இதுக்குள்ள பாடம் இருக்கா, இல்ல டீச்சரையே மடிச்சு வச்சிருக்காங்களா?" என்று கேட்டார். தையல்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் மகளின் ஒரு வருஷப் படிப்பு அந்தப் பெட்டிக்குள் இருந்தது. கீழே போடாமல் கொண்டுவந்து சேர்த்தால் போதும் என்று பின்னாலேயே ஏறினாள்.

மகளுக்கு வயது ஏழு. வீட்டில் அவளை வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். பேசத் தொடங்கிய நாளிலிருந்து வாய் மூடியதில்லை. தூக்கத்தில்கூட யாருடனாவது வழக்காடுவாள். பட்டன் டப்பாவைக் கவிழ்த்துவைத்து, எந்தப் பட்டனுக்கு எந்தப் பட்டன் சித்தப்பா, எதற்கும் எதற்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று ஒரு குடும்பக் கதையே சொல்வாள். ஐந்து வயதுத் தம்பி, பொடியன், வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பான்.

அப்பேர்ப்பட்டவள் இரண்டாம் வகுப்புக்குப் போன மூன்றாம் மாதம் ஊமையாகிவிட்டாள். வகுப்பில் எழுந்து நின்று வாசித்தபோது ஒரு வரியில் தடுக்கியிருக்கிறது. நாற்பது பிள்ளைகளும் சிரித்துவிட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. டீச்சரைக் குறை சொல்லக் கூடாது. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருத்தி எத்தனை வாயைத்தான் மூடுவாள்? ஆனால் அதற்குப் பிறகு தினமும் காலையில் வாயாடிக்கு வயிற்றுவலி. டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டு வயிற்றில் ஒன்றுமில்லை என்றார். பள்ளியில், "ரெண்டு மாசமா வாயே திறக்கலம்மா. இப்படியே போனா இதே வகுப்புல இன்னொரு வருஷம் இருக்க வேண்டியதுதான்" என்றார்கள்.

தையல்காரிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்தது. வீட்டுக்கு வந்து கத்தரிக்கோலை மேசையில் டொக்கென்று வைத்துவிட்டு, "என்னங்க, இவள நான் வீட்லயே படிக்க வைக்கிறேன்" என்றாள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பவள் சொல்கிற பேச்சா இது! கணவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "உன்னால முடியும்னா சரி. கணக்கு வேணும்னா நான் சொல்லித்தரேன், மாடி எண்ணுற வரைக்கும் எனக்கு வரும்" என்றார்.

கல்வி அலுவலகத்தில் அனுமதி கொடுத்தார்கள். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்கள். ஆறு மாதம் கழித்து ஓர் அதிகாரி வீட்டுக்கு வருவார். பிள்ளை அவர் முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும். அவருக்குத் திருப்தி இல்லையென்றால் திரும்ப அதே பள்ளி, அதே வகுப்பு. அந்தக் கடிதத்தைப் படித்ததும் தையல்காரி அதை மடித்து நூல் டப்பாவுக்கு அடியில் வைத்தாள். மகளிடம் அவள் மூச்சுவிடவில்லை.

இனிமேல்தான் தலைவலியே. எதை வைத்துச் சொல்லிக்கொடுப்பது? விசாரித்ததில் மூன்று வழி தெரிந்தது. ஒன்றில் புத்தகமே கிடையாது. பிள்ளையை வெளியே கூட்டிப்போய் இலையும் கல்லும் பொறுக்க வேண்டும், கதை சொல்ல வேண்டும். நாளைக்கு மூன்று சட்டை டெலிவரி வைத்திருப்பவள் எங்கே போய் இலை பொறுக்குவது? இன்னொன்று முழுக்கக் கம்ப்யூட்டர். வீட்டில் அது இல்லை. மூன்றாவது பெட்டி. முப்பத்தாறு வாரம், ஒவ்வொரு நாளும் எந்தப் பக்கம், என்ன கேள்வி கேட்க வேண்டும், அம்மா என்ன பேச வேண்டும் என்பதுவரை அச்சடித்திருந்தது. அதைத்தான் பிடித்தாள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் அவள். தன் வாயிலிருந்து வருவதைவிட அச்சில் இருப்பது சரியாக இருக்கும் என்று நம்பினாள்.

பெட்டியை விற்ற அம்மாள் தன் பிள்ளைகள் நால்வரையும் வீட்டிலேயே படிக்கவைத்தவர். போனில் பொறுமையாகக் கேட்டார்: "எந்த வகுப்புப் பெட்டி அனுப்பட்டும்?"

"மூணாம் வகுப்பு அனுப்புங்கம்மா."

"பாப்பா இப்ப ரெண்டாவதுதானே?"

"ரெண்டுதான். வளர்ற பிள்ளை இல்லையா? ஒரு சைஸ் பெருசா எடுத்தா போகப் போகச் சரியாயிடும்."

அந்த அம்மாள் கொஞ்சம் தயங்கினார். "பெட்டியில ஒரு மஞ்சள் அட்டை இருக்கும்மா. அதுல கொஞ்சம் கேள்வி இருக்கும். எதையும் பிரிக்கிறதுக்கு முன்னாடி பாப்பாவ அதச் செய்யச் சொல்லுங்க. அவ எங்க நிக்கிறான்னு தெரியும்."

"என் பிள்ளய எனக்குத் தெரியாதாம்மா?" என்று சொல்லி வைத்துவிட்டாள். பெட்டி வந்ததும் அட்டையைப் பார்த்தாள். வழவழவென்று நல்ல கெட்டி அட்டை. சட்டைக் காலருக்கு வெட்டி வைத்த அச்சு நைந்துபோயிருந்தது. அன்றைக்கே அந்த மஞ்சள் அட்டையைக் காலராக வெட்டி, ஆணியில் மாட்டிவிட்டாள்.

மறுநாளிலிருந்து பாடம் ஆரம்பமானது. சுவரில் அட்டவணை ஒட்டினாள். வாடிக்கையாளர் தட்டுகிற மேசை மணியை எடுத்து வகுப்பு மணி ஆக்கினாள். எட்டு மணிக்கு டிங். ஒன்பதுக்கு டிங். மூன்றாம் வகுப்பு வாசகப் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு இருபது வரி. வாயாடி அதை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "படி" என்பாள் அம்மா. "இத்தனூண்டு பத்தி, இதுக்கு எவ்வளவு நேரம்? படிடி!" குரல் ஏறும். பொடியன் பயந்துபோய் வெட்டுமேசைக்குக் கீழே நுழைந்துகொள்வான்.

ஐந்தாவது வாரம் ஒரு காலை வாயாடி எழுந்திருக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள்.

"என்னடா, வயிறு வலிக்குதா?"

தலையை ஆட்டினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அம்மா, ஸ்கூலு நம்ம வீட்டுக்கே வந்துடுச்சா?"

தையல்காரி மணிக்கு நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். அன்று மணி அடிக்கவில்லை. அடுத்த இரண்டு நாளும் அடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். கணவரின் தங்கை. நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்குகிற வேலை. வாய்க்கு மட்டும் அந்த நூலகத்து அமைதி தொற்றவில்லை. எதையும் பட்டென்று போட்டு உடைப்பாள். அவள் வாய்க்குப் பயந்தே தையல்காரி பெட்டியைத் துணியால் மூடி வைத்திருந்தாள். அட்டவணையை மறைக்க மறந்துவிட்டாள். நாத்தனாருக்கு ஒரு கோட்டு தைக்க வேண்டியிருந்தது. தையல்காரி அளவு நாடாவை எடுத்தாள்.

"போன வருஷ அளவுதான் நோட்டுல இருக்கே அண்ணி. மறுபடி எதுக்கு?"

"போன வருஷ உடம்பா இது? அளவெடுக்காம ஒரு கைக்குட்டைகூட வெட்ட மாட்டேன். கைய நீட்டு."

நாத்தனார் கையை நீட்டினாள். கண் சுவரில் இருந்தது. அட்டவணையைப் படித்தாள். மூடியிருந்த பெட்டியின் மேல் துணியைக் காலாலேயே விலக்கிப் பார்த்தாள். மூலையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்த வாயாடியையும் பார்த்தாள்.

"இவளுக்கு அளவெடுத்தீங்களா அண்ணி?"

தையல்காரிக்குச் சுருக்கென்றது. "நீ பெத்து வளர்த்துப் பாரு, அப்பத் தெரியும்" என்று வாய்வரை வந்துவிட்டது. அதற்குள் கையில் தொங்கிய நாடா கண்ணில் பட்டது. யாராவது வந்து, என் மகளைப் பார்க்க வேண்டாம், ஒரு சைஸ் பெரிதாகத் தைத்துக் கொடு என்றால் இவள் என்ன பாட்டுப் பாடுவாள்! தோள் இறங்கும், கை நீளும், நடந்தால் தடுக்கும், பிள்ளை அதைப் போடவே போடாது என்று அரைமணி நேரம் திட்டியிருப்பாள். அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டாள். நாத்தனார் ஒரு கை அளவெடுத்த நிலையில் பக்கத்திலேயே உட்கார்ந்து, "சரி விடுங்க. நம்ம வாயாடிதானே. இன்னிக்கு எடுத்துடலாம்" என்றாள்.

தையல்காரி மஞ்சள் அட்டையின் கதையைச் சொன்னாள்; இருவருமாக ஆணியிலிருந்து காலர் அச்சுகளை இறக்கினார்கள். குப்பைத் துணிப் பையைக் கொட்டி மீதித் துண்டுகளைத் தேடினார்கள். மஞ்சள் துண்டுகளைத் தரையில் பரப்பி, எந்தக் கேள்வியின் பாதி எங்கே இருக்கிறது என்று பார்த்து, குண்டூசி குத்திச் சேர்த்தார்கள். இதென்ன விளையாட்டு என்று வாயாடி தானாகவே கிட்டே வந்தாள். "அத்தை, அது அங்க இல்ல, இங்க" என்று ஒரு துண்டைத் திருப்பி வைத்தாள். தையல்காரி குண்டூசியைக் கையில் வைத்துக்கொண்டே பார்த்தாள். பல வாரங்களுக்குப் பிறகு யாரும் கேட்காமலே மகள் பேசிய பேச்சு அது.

கேள்விகளைச் செய்ததில் எல்லாம் வெட்டவெளிச்சமானது. கணக்கில் வாயாடி மூன்றாம் வகுப்பில் நின்றாள். பட்டன் எண்ணிய கை அல்லவா! வாசிப்பில் முதல் வகுப்பின் நடுவில் நின்றாள். ஒற்றெழுத்து அடுக்காக வந்த இடமெல்லாம் மனசுக்குள் தாண்டிக் குதித்திருக்கிறாள். தோள் ஒரு அளவு, இடுப்பு ஒரு அளவு. கடையில் தொங்குகிற எந்தச் சட்டை அப்படிப் பொருந்தும்?

மறுநாள் பெட்டிக்கார அம்மாளுக்குக் கூச்சத்தோடு போன் போட்டாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள், காலர் உட்பட. அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். "என் மூத்தவனுக்கு நானும் ரெண்டு வகுப்பு தாண்டி வாங்கினேன்மா. அவன் புத்தகத்த ஜன்னல் வழியா வீசிட்டான். உங்க பொண்ணு எவ்வளவோ பரவாயில்ல." கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் திருப்பி அனுப்பச் சொன்னார். பதிலுக்கு முதல் வகுப்பு வாசிப்புப் புத்தகங்கள் வந்தன. அட்டவணை சுவரிலிருந்து இறங்கியது. மணி வாடிக்கையாளருக்கே திரும்பிப் போனது.

புதன்கிழமைதோறும் நாத்தனார் வேலை முடிந்து, ஆறு மெலிந்த புத்தகங்களோடு மூன்று மாடி ஏறி வந்தாள். ஒரு வாரம்கூடத் தவறவில்லை. வாயாடி பொடியனைக் கூட்டிக்கொண்டு வெட்டுமேசைக்குக் கீழே போய்விடுவாள். தொங்குகிற துணிகளுக்குப் பின்னால் அவனுக்குப் படித்துக் காட்டுவாள். அவன் சிரிக்க மாட்டான். அவனுக்கு ஒரு எழுத்தும் தெரியாது.

ஒரு நாள் தைத்துக்கொண்டிருக்கும்போது நூல் அறுந்தது. மெஷின் நின்றது. மேசைக்குக் கீழே குரலும் நின்றது. தையல்காரி நூலைக் கோத்து மிதித்தாள். குரல் மறுபடி வந்தது. வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தாள். நின்றது. அப்போதுதான் புரிந்தது. இந்தக் கடகட சத்தத்துக்குள் தப்பாகப் படித்தால் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் பிள்ளை படிக்கிறது. அன்றிலிருந்து தைக்கத் துணி இல்லாத நேரத்திலும், ஊசியில் நூலைக் கழற்றிவிட்டு, வெறும் மெஷினை மிதித்தாள். கால் கடுக்கும். மிதித்தாள். கணவர் வந்து பார்த்து, "என்னம்மா, காத்துக்குச் சட்டை தைக்கிறியா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் மனுஷன் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கால் ஓய்ந்தபோது தான் மிதித்தார்.

ஆறு மாதம் போனதே தெரியவில்லை. அதிகாரி அம்மாள் மூன்று மாடி ஏறி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, கோப்போடு உட்கார்ந்தார். கணவர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, சுவரோடு சுவராக நின்றார். அதிகாரி வாயாடியை அன்பாகத்தான் கூப்பிட்டார். "ஒரு பக்கம் படிச்சுக் காட்டும்மா."

வாயாடி புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு ஒட்டிக்கொண்டது. ஒரு நிமிஷம் ஆனது. அதிகாரி பேனாவைத் திறந்தார்.

தையல்காரிக்கு என்ன தோன்றியதோ, "மேடம், தப்பா நினைக்காதீங்க. நான் கொஞ்சம் மெஷின் ஓட்டிக்கட்டுமா?" என்றாள்.

"இப்பவா?"

"இப்பத்தான் மேடம்."

அதிகாரி பதில் சொல்வதற்குள் மெஷின் ஓடத் தொடங்கியது. வாயாடி தம்பியின் கையைப் பிடித்தாள். இருவரும் மேசைக்குக் கீழே போனார்கள். அதிகாரி கணவரைப் பார்த்தார். கணவர் கும்பிடாத குறையாகத் தரையைக் காட்டினார். நல்ல மனுஷி. கோப்பை நாற்காலியில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, தொங்கும் துணிக்குப் பக்கத்தில் காதைக் கொடுத்தார்.

குடையைத் தொலைத்த தவளையின் கதை. முதலில் முணுமுணுப்பு, பிறகு சொல், பிறகு வரி. ஒற்றெழுத்தில் தடுக்கினாள், திரும்ப வந்து சரியாகப் படித்தாள். தையல்காரி மிதியை மெல்ல, மெல்லத் தளர்த்தினாள். சக்கரம் ஒரு சுற்று, இன்னும் அரைச் சுற்று, நின்றது. அறையில் ஊசி விழுந்தால் கேட்கும். தவளை அப்போதும் பேசிக்கொண்டிருந்தது. பக்கம் புரளும் சத்தம் கேட்டது. அடுத்த பக்கமும் வந்தது. கணவர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தவளைக்கு எதுக்கு குடை?" என்று அதிகாரி துணியை விலக்கிக் கேட்டார். பாவம், தெரியாமல் வாயைக் கொடுத்துவிட்டார். தவளையின் சித்தப்பா யார், அவருக்கும் தவளைக்கும் ஏன் பேச்சுவார்த்தை இல்லை என்பதுவரை கேட்டுவிட்டுத்தான் அவரால் எழுந்திருக்க முடிந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் படியில் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

தையல்காரி முதலில் நாத்தனாருக்குத்தான் போன் போட்டாள். "நீ நல்லா இருக்கணும்டி" என்றாள். அந்தப் பக்கம், முதல்முறையாக நாத்தனாருக்கு வாய் அடைத்துப்போயிருந்தது. பிறகு பெட்டிக்கார அம்மாளுக்குப் போட்டாள். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் வாயாடி மெஷினுக்குப் பக்கத்தில் நின்று சக்கரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நீ நடுவுல கால எடுத்துட்ட."

"உனக்குத் தெரிஞ்சுதா?"

"தெரியாம என்ன, எனக்குக் காதில்லையா? பரவாயில்ல, அம்மாக்குக் கால் வலிக்குமேன்னு நான்பாட்டுக்குப் படிச்சேன்."