முடிச்சில்லாமல் பிடித்த விரால்

பட்டாசு ஆலைத் தீ விபத்தில் என் வலது கை விரல்கள் மடங்கிப்போயின. அதன்பின் தூண்டில் நரம்பில் முடிச்சுப் போட வரவில்லை. ரப்பர் இரையை மாற்றும்போதெல்லாம் நண்பன் மாரியப்பனைக் கூப்பிட வேண்டும். அவன் முகம் சுளித்ததே இல்லை, எனக்குத்தான் கூசியது. மீன் பிடிப்பதையே விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிறு, விஸ்வநத்தம் பக்கத்துக் கண்மாயில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர், "நீங்க போடலையாண்ணே?" என்றார். கையைக் காட்டினேன்.

அவர் தன் தூண்டில் நரம்பின் நுனியில் ஊக்கு மாதிரி ஒரு சின்னக் கம்பியைக் கட்டி, தூண்டிலை என்னிடம் நீட்டினார்.

"இது ஸ்நாப்புண்ணே. அமுக்கினாத் திறக்கும். இரையை மாட்டி மூடுங்க, முடிச்சே வேணாம்."

"பெரிய மீன் இழுத்தா பிச்சுக்கிட்டுப் போயிராதா?"

"போட்டுத்தான் பாருங்களேன்."

இடது கட்டைவிரலால் அமுக்கினேன். நழுவி நழுவி, கடைசியில் ரப்பர் தவளை மாட்டிக்கொண்டது. தாமரை இலைகளுக்கு நடுவே வீசினேன். தண்ணீர் சிதறியது. தூண்டில் வில்லாய் வளைந்தும் ஸ்நாப் திறக்கவில்லை. கை நீள விரால்!

வீட்டில் மீனைப் பார்த்த மனைவி, "மாரியப்பண்ணனா இரையைக் கட்டித் தந்தாக?" என்றாள்.

"இல்ல. நானே மாட்டினேன்."

அன்றைய குழம்பின் ருசி நினைவில்லை. 'நானே' என்றபோது என் குரலில் இருந்த கம்பீரம் மட்டும் இன்னும் காதில் இருக்கிறது.